பணியிடம் வீடாகும்போது

நுழையும்முன்

'வேலைக்குப் போதல்' என்னும் தொடரில் 'போதல்' என்னும் சொல்லின் பொருள் இன்று மாறிவருகிறது. சிலருக்கு அடுத்த அறைக்குப் போவதே வேலைக்குப் போவதாகிவிட்டது. இம்மாற்றம் எங்கிருந்து தொடங்கியது, எவற்றைத் தந்தது, எவற்றை எடுத்துக்கொண்டது என்பவற்றை இப்பாடம் ஆராய்கிறது.

2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 25ஆம் நாள் இந்தியா முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. சென்னையில் தரமணி தொடங்கிச் சிறுசேரி வரை நீளும் பழைய மாமல்லபுரம் சாலையின் இருமருங்கிலும் நின்ற மென்பொருள் நிறுவனங்களின் கண்ணாடிக் கட்டடங்கள் ஆளரவமற்றுப் போயின. ஆயினும் அங்கு நடந்துவந்த வேலை நின்றுவிடவில்லை. மடிக்கணினி உடையோர் அதனை எடுத்துக்கொண்டு சொந்த ஊர் சென்றனர். மடிக்கணினி இல்லாத ஊழியர் சிலருக்கு அலுவலக மேசைக்கணினிகளையே வண்டியில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவைத்த நிறுவனங்களும் உண்டு. கூடத்து மூலையிலும் மாடிப்படியின் அடியிலும் மேசைகள் முளைத்தன. அயல்நாட்டு வங்கி ஒன்றின் கணக்குமுறையைச் சீர்செய்பவரின் குரலோடு அவர் வீட்டுக் குக்கரின் விசிலும் சேர்ந்து ஒலித்தது.

இதற்குச் சட்டமும் வழிவிட வேண்டியிருந்தது. அழைப்பு மையம் போன்ற சேவைகளை வீட்டிலிருந்து நடத்துவதற்கு நடுவணரசின் தொலைத்தொடர்புத் துறை அதுவரை கடுமையான கட்டுப்பாடுகளை விதித்திருந்தது. பெருந்தொற்றை முன்னிட்டு மார்ச்சுத் திங்களில் தற்காலிகமாகத் தளர்த்தப்பட்ட அவ்விதிகள், அதே ஆண்டு நவம்பரில் பெருமளவு எளிமையாக்கப்பட்டன. அவசரத்துக்குத் திறந்த கதவு நிலையாகவே திறந்துகொண்டது.

வீட்டிலிருந்து பணிபுரிதல் முன்னெப்போதும் இல்லாத புதுமை என்று அந்நாள்களில் பலரும் வியந்தனர். அவ்வியப்பில் பாதியே உண்மை.

தறி இருந்த வீடு

காஞ்சிபுரத்து நெசவாளர் வீட்டில் பணியிடத்தைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை. குழித்தறி வீட்டுக்குள்ளேயே இருக்கும். நெசவாளர் குழியின் விளிம்பில் அமர்ந்து, கால்களை உள்ளே தொங்கவிட்டு மிதிகளை இயக்குவார். கைகள் நாடாவை வீசும். உடலும் கரையும் வெவ்வேறு நிறம்கொண்ட கோர்வைச் சேலையை மரபுமுறையில் நெய்வதற்கு ஒருவர் போதாது. கரைக்குரிய நாடாவைக் கடத்தித் தருவதற்குத் துணையாள் ஒருவர் அருகில் அமர வேண்டும். பெரும்பாலும் அத்துணையாள் வீட்டுப் பிள்ளையாகவோ உறவினராகவோ இருப்பார். நாடாவைக் கடத்திக்கொண்டே, பாவில் அறுந்த இழையைப் பெரியவர் எப்படி முடிகிறார் என்பதை அவர் பார்ப்பார். யாரும் பாடம் நடத்துவதில்லை. ஆனால் சில ஆண்டுகளில் தொழில் கைவந்துவிடும். தறியும் அடுப்பும் தொட்டிலும் ஒரே கூரையின்கீழ் இருந்த அவ்வீட்டில் தொழிலைக் கற்பிப்பவரும் உடனிருந்தார் என்பது இங்கே குறிக்கத்தக்கது.

அவ்வாழ்க்கையைப் பொற்காலமாகக் கருதிவிடலாகாது. பட்டும் சரிகையும் தந்து கூலி கணக்கிடும் முதலாளிக்குக் கடன்பட்ட குடும்பங்கள் பல. தறியடியில் அமர்ந்த பிள்ளைகளுள் பலர் பள்ளியை இழந்தனர். வேலை வீட்டில் நடந்தது. வேலையின் விலையை வீடு முடிவுசெய்யவில்லை.

இவ்வகை வீட்டுத் தொழிலிலிருந்து மனிதரைப் பிரித்து வெளியே அழைத்தது இயந்திரம். 1771ஆம் ஆண்டு இங்கிலாந்தின் குரோம்ஃபோர்டு என்னும் ஊரில் ரிச்சர்டு ஆர்க்ரைட் நீராற்றலால் இயங்கும் நூற்பாலையை நிறுவினார். இயந்திரத்தை வீட்டுக்குக் கொண்டுசெல்ல இயலாதாகையால் மனிதர் இயந்திரத்தை நாடிச் சென்றனர். ஒரு நூற்றாண்டுக்குப் பின் சென்னையில் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளும், மதுரையில் ஹார்வி ஆலையும், கோவையில் பஞ்சாலைகளும் தோன்றின. ஆலைச் சங்கு ஊதும் நேரமே அவ்வூர்களுக்குக் கடிகாரமாயிற்று. கடிகாரம் இல்லாத வீட்டிலும் சங்கொலி கேட்டு உலை வைத்தனர்.

ஆலை கொடியது என்பதற்கு எத்தனையோ சான்றுகள் உண்டு. ஆயினும், அது தான் நினையாத ஒரு நன்மையையும் செய்தது. தனித்தனி வீடுகளில் இருந்தோரை ஓரிடத்தில் கூட்டியது. அருகருகே நின்று உழைத்தோர் தம் கூலியையும் நேரத்தையும் ஒப்பிட்டுப் பேசினர். 1918ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது பி.பி. வாடியா, தமிழ்த்தென்றல் திரு.வி.க. ஆகியோரின் முயற்சியால் மட்டுமன்று. ஒரே வாயிலில் நுழைந்து ஒரே வாயிலில் வெளியேறிய ஆயிரக்கணக்கான ஆலைத் தொழிலாளரின் கூட்டத்தாலும் ஆகும்.

அக்கூட்டம் வாய்க்காதோர் நிலை வேறு. திருநெல்வேலி, தென்காசி, வேலூர்ப் பகுதிகளில் பீடி சுற்றும் பெண்கள் இலையையும் தூளையும் வாங்கிவந்து வீட்டிலேயே சுற்றிக் கொடுக்கின்றனர். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பதே கூலி. அவர்கள் தொழிலாளரா அல்லரா என்னும் ஐயமே நெடுங்காலம் நீடித்தது. 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டிலிருந்து சுற்றுவோரையும் தொழிலாளராக ஏற்றது; அச்சட்டம் செல்லும் என உச்ச நீதிமன்றம் 1974ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. மடிக்கணினியுடன் வீட்டில் அமர்ந்த பொறியாளர் இன்று எழுப்பும் வினாக்கள் சிலவற்றை அப்பெண்கள் அரை நூற்றாண்டுக்கு முன்பே எழுப்பிவிட்டனர். தகவல் தொழில்நுட்பம் பற்றிய உரையாடல்களில் அவர்களை எவரும் நினைவுகூர்வதில்லை என்பது வருந்தத்தக்கது.

கம்பிவழி திரும்பிய வேலை

அலுவலக வேலை வீட்டுக்குத் திரும்பிய வரலாற்றில் இருவர் பெயர்கள் குறிப்பிடத்தக்கவை. ஒருவர் ஸ்டெபனி ஷெர்லி. குழந்தைப் பருவத்தில் நாசிகளின் கொடுமைக்குத் தப்பி ஏதிலியாக இங்கிலாந்தை அடைந்த இவர், 1962ஆம் ஆண்டு மென்பொருள் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். திருமணத்தாலும் மகப்பேற்றாலும் பணியைவிட்டு விலகிய கணினி வல்லுநர்களான பெண்களைத் தேடி, அவர்தம் வீட்டிலிருந்தே நிரல் எழுதச் செய்தார். தாளில் எழுதிய நிரல்கள் அஞ்சலில் சென்றன. ஐயங்கள் தொலைபேசியில் தீர்ந்தன. பெண்ணின் பெயரால் எழுதிய வணிகக் கடிதங்களுக்கு மறுமொழி வாராமையால் 'ஸ்டீவ்' என ஆண்பெயரில் கையொப்பமிட்டார். அதன்பின் வாய்ப்புகள் வந்தன. கான்கார்டு வானூர்தியின் கறுப்புப் பெட்டிக்கான நிரலை எழுதியவர்கள் வீட்டிலிருந்த இப்பெண்களே.

மற்றொருவர் அமெரிக்கர் ஜாக் நில்ஸ். விண்வெளித் துறைப் பொறியாளராக இருந்த இவர், தொலைத்தொடர்பையும் அன்றாடப் பயணத்தையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்களை இணைத்து 1973ஆம் ஆண்டு 'டெலிகம்யூட்டிங்' என்னும் சொல்லை ஆக்கினார். அவ்வாண்டின் இறுதியில் எண்ணெய் நெருக்கடி வந்து பெட்ரோலுக்காக அமெரிக்கர்கள் வரிசையில் நின்றபோது அச்சொல்லுக்கு மதிப்புக் கூடியது. மனிதர் பயணம் செய்வதற்குப் பதிலாகச் செய்தி பயணம் செய்யட்டும் என்பது அவர் கருத்து. ஆனால், நில்ஸ் தம் முதற்சோதனையில் ஊழியர்களை வீட்டில் அமர்த்தவில்லை. காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் ஊழியர்கள் நகர நடுவே உள்ள தலைமையகத்துக்கு வருவதை விடுத்துத் தம் வீட்டருகே அமைந்த சிறு கிளைகளில் கூடிப் பணியாற்றினர். இந்த வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். அதன் அளவைப் பின்னர்க் காண்போம்.

ஷாங்காய்ச் சோதனை

வீட்டிலிருப்போர் உண்மையிலேயே வேலை செய்வார்களா என்பதே முதலாளிகளின் நெடுநாள் ஐயம். அதனை ஊகத்தால் அன்றி அளவையால் தீர்க்க முயன்ற ஆய்வு ஒன்று சீனாவின் ஷாங்காய் நகரில் 2010ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கியது. சிட்ரிப் என்னும் பயண ஏற்பாட்டு நிறுவனத்தின் அழைப்பு மையத்தில், விருப்பம் தெரிவித்தோருள் தகுதியுடைய ஏறத்தாழ 250 பேரை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் நிக்கோலஸ் புளூமும் அவர்தம் குழுவினரும் எடுத்துக்கொண்டனர். பிறந்த தேதி இரட்டைப்படையாக இருந்தோர் வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்தும், ஒற்றைப்படையாக இருந்தோர் முழுமையும் அலுவலகத்திலும் பணியாற்ற வேண்டும் என வகுக்கப்பட்டது. திறமை, விடாமுயற்சி ஆகியவை பிறந்த தேதியைப் பார்த்து அமைவதில்லை. ஆகவே இரு குழுவினரும் ஒப்பத்தக்கவராயினர்.

ஒன்பது மாத முடிவில் வீட்டிலிருந்தோரின் வேலைத்திறன் 13 விழுக்காடு உயர்ந்திருந்தது. அதில் 9 விழுக்காடு, இடைவேளையும் உடல்நலமின்மை விடுப்பும் குறைந்து கூடுதல் நேரம் உழைத்ததால் வந்தது. எஞ்சிய 4 விழுக்காடு, அமைதியான சூழலில் ஒரு நிமிடத்துக்கு ஏற்ற அழைப்புகள் மிகுந்ததால் வந்தது. பணியைவிட்டு விலகுவோர் எண்ணிக்கை பாதியாயிற்று. நிறுவனத்துக்கு இட வாடகையும் மிச்சமாயிற்று.

இத்துடன் நின்றிருந்தால் அது முதலாளிகளும் ஊழியர்களும் ஒருங்கே மகிழும் கதையாகியிருக்கும். ஆனால், ஒரே அளவு திறன் காட்டியும் வீட்டிலிருந்தோர்க்குப் பதவி உயர்வு குறைவாகக் கிடைத்தது. கண்ணில் படாதவர் கருத்திலும் படவில்லை. சோதனை முடிந்து, வீடா அலுவலகமா என மீண்டும் தேர்ந்துகொள்ளும் உரிமை தரப்பட்டபோது, பங்கேற்றோருள் பாதிக்கு மேற்பட்டோர் தம் முந்தைய விருப்பத்தை மாற்றிக்கொண்டனர். வீட்டிலிருந்தோருள் பலர் தனிமையைக் காரணமாகக் கூறி அலுவலகம் திரும்பினர். அன்றாடப் பயணம் இல்லாத நாளை விரும்பியவர்களே, பேச ஆளில்லாத நாளைப் பொறுக்கவில்லை.

மேலும், அழைப்பு மையத்தில் ஒருவர் எத்தனை அழைப்புகளை ஏற்றார் என்பதை எண்ணிவிடலாம். எண்ண இயலாத வேலைகளின் நிலை என்ன என்பதற்கு ஷாங்காயில் விடையில்லை.

பக்கத்து இருக்கை

மைக்ரோசாஃப்டு நிறுவனத்தின் அமெரிக்க ஊழியர் 61,182 பேரின் தகவல்தொடர்பை 2020ஆம் ஆண்டின் முற்பகுதியில் ஆராய்ந்தவர்கள், முழுவதும் வீட்டிலிருந்து பணியாற்றத் தொடங்கியதும் குழுக்கள் தத்தம் வட்டத்துக்குள் சுருங்கின எனக் கண்டனர். நன்கறிந்தோருடன் பேச்சு நீடித்தது. வேறு குழுவிலுள்ள, அவ்வளவாக அறியாத ஒருவரிடம் வழியில் நின்று ஒரு வினாக் கேட்கும் பழக்கம் தேய்ந்தது. புதிய செய்தி பெரும்பாலும் அத்தகையோரிடமிருந்தே வரும் என்பதை நினைந்தால் இழப்பின் அளவு விளங்கும்.

இதனினும் கூர்மையான மற்றோர் ஆய்வு, பெருநிறுவனம் ஒன்றின் மென்பொருள் பொறியாளர்கள் ஒருவர் எழுதிய நிரலுக்கு மற்றவர் எழுதும் குறிப்புகளை எண்ணிப் பார்த்தது. குழுவினர் அனைவரும் ஒரே கட்டடத்தில் இருந்தபோது அக்குறிப்புகள் மிகுதியாக இருந்தன. பெருந்தொற்றால் அலுவலகம் மூடப்பட்டதும் அம்மிகுதி மறைந்தது. மிகுதியாக இழந்தோர் இளையோரும் பெண்களும் ஆவர். அருகிருப்பதற்கு விலையும் உண்டு என்பதை அதே ஆய்வு மறைக்கவில்லை. இளையோர்க்கு அருகில் அமர்ந்த மூத்த பொறியாளர்கள் தாம் எழுதும் நிரலின் அளவு குறைந்தது. அவர்தம் நேரத்தின் ஒரு பகுதி கற்பித்தலாகக் கரைந்தது. எந்தச் சம்பளப் பட்டியலிலும் இடம்பெறாத ஆசிரியப் பணி அது.

2020ஆம் ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் கல்லூரி முடித்து வேலையில் சேர்ந்தோர் பலர், தம் மேலாளரை நேரில் காணாமலே முதலாண்டைக் கழித்தனர். பணி ஆணை மின்னஞ்சலில் வந்தது. மடிக்கணினி கூரியரில் வந்தது. ஐயம் எழும்போது அருகில் உள்ளவரின் முகம் பார்த்து, 'இவர் இப்போது ஓய்வாக இருக்கிறார்' என அறிந்து கேட்கும் வாய்ப்பு அவர்களுக்கு இல்லை. திரையில் ஒரு செய்தி அனுப்பி, அது தொல்லையாகுமோ எனத் தயங்கி, அழித்துவிட்டுத் தாமே போராடியோர் பலர். பத்தாண்டு அனுபவமுடையோர்க்கு வீடு அமைதி தந்தது. அவர்கள் அலுவலகத்தில் முன்பே கற்றிருந்தனர். புதியோர்க்கோ அந்த அமைதியே தடையாயிற்று. நெசவாளர் வீட்டுக்கும் இவ்வீட்டுக்கும் உள்ள வேறுபாடு இங்குதான் இருக்கிறது. அங்கே வேலையுடன் உடன்பணியாளரும் ஆசிரியரும் இருந்தனர். இங்கே வேலை மட்டுமே வந்து சேர்ந்திருக்கிறது.

வீட்டின் கணக்கு

அலுவலகத்தின் இருக்கை, மின்சாரம், குளிர்வசதி, இணைய இணைப்பு ஆகியவற்றுக்கு நிறுவனம் பணம் செலுத்துகிறது. வேலை வீட்டுக்கு வந்ததும் அச்செலவுகளும் ஓசையின்றி உடன்வந்துவிடுகின்றன. தனியறை உள்ளவர்க்கு வீடு அலுவலகமாகலாம். ஒரே அறையில் நால்வர் வாழும் வீட்டில், கூட்டம் நடக்கும் ஒரு மணி நேரமும் மற்ற மூவரும் மூச்சடக்கி இருக்க வேண்டும்.

வீட்டிலுள்ள நேரமும் அனைவர்க்கும் ஒன்றன்று. பெருந்தொற்றுக்கு முந்தைய ஆண்டான 2019இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமற்ற வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அவற்றுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டனர். இந்நிலையிலிருந்த வீட்டுக்குள்தான் அலுவலகம் நுழைந்தது. ஆண் வீட்டிலிருந்து பணியாற்றினால் 'அவர் வேலையில் இருக்கிறார்' என்பதும், பெண் பணியாற்றினால் 'வீட்டில்தானே இருக்கிறாய்' என்பதும் பல இல்லங்களில் இயல்பான பேச்சாக இருந்தன.

ஆயினும் பெண்களுக்கு இதனால் பயனில்லை என்று சொல்லிவிட முடியாது. மகப்பேற்று விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்திய 2017ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம், வேலையின் தன்மை இடம்தந்தால், விடுப்புக்குப் பின்னும் இருதரப்பும் ஒப்பிய வரையறையில் வீட்டிலிருந்து பணியாற்றலாம் என்றது. ஷெர்லி தேடிச் சென்ற பெண்கள் இன்று சட்டத்தின் ஒரு பிரிவில் இடம்பெற்றுள்ளனர். அவ்வாய்ப்பு இல்லையேல் வேலையையே விட்டிருப்போர் பலர்.

அயல்நாடுகள் சில, மறைந்துவிட்ட ஆலைச் சங்கை வேறு வடிவில் மீட்க முயல்கின்றன. வேலைநேரத்துக்குப் பின் மின்னஞ்சலைத் திறவாதிருக்கும் உரிமை பிரான்சில் 2017ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளது. போர்ச்சுகல் 2021ஆம் ஆண்டு இயற்றிய சட்டம், ஓய்வு நேரத்தில் ஊழியரைத் தொடர்புகொள்ளக்கூடாதென நிறுவனங்களுக்கு ஆணையிட்டது. தொலைவிலிருந்து பணியாற்றுவதால் ஏற்படும் கூடுதல் செலவை நிறுவனமே ஏற்க வேண்டும் என்றது. ஊழியர் தனிமைப்படாதிருக்க, இரண்டு மாதங்களுக்கு ஒருமுறையேனும் மேலாளரையும் உடன்பணியாளரையும் நேரில் சந்திக்க வழிசெய்ய வேண்டும் என்பதும் அச்சட்டத்தின் ஒரு கூறு. தனிமையைச் சட்டநூல் ஒன்று பணியிடத் தீங்காகக் கருதியிருப்பது கவனத்துக்குரியது.

இவையெல்லாம் ஒரு பகுதியினரின் சிக்கல்களே. செவிலியர், பேருந்து ஓட்டுநர், தூய்மைப் பணியாளர், கொத்தனார் ஆகியோர்க்கு வீட்டிலிருந்து வேலை என்னும் பேச்சே இல்லை. கணினித் தொழில் மிகுந்த அமெரிக்காவிலேயே முழுமையும் வீட்டிலிருந்து செய்யத்தக்க வேலைகள் 37 விழுக்காடு மட்டுமே எனப் பொருளியல் அறிஞர்கள் 2020ஆம் ஆண்டு கணக்கிட்டனர். வருவாய் குறைந்த நாடுகளில் அவ்வளவு இல்லை. ஊரடங்கில் வீட்டிலிருந்தோரின் இணைப்பு அறுபடாமல் காத்தவர்கள் கம்பம் ஏறிய மின்பணியாளர்கள்.

வீட்டுக்கும் நகருக்கும் இடையில்

நில்ஸ் அமைத்த சிறு கிளைகள் இப்போது மீண்டும் நினைவுக்கு வருகின்றன. தென்காசிக்கு அருகே மத்தளம்பாறை என்னும் சிற்றூரில் ஜோஹோ நிறுவனத்தின் அலுவலகம் பெருந்தொற்றுக்கு முன்பிருந்தே இயங்குகிறது. பெருந்தொற்றின்போதும் அதன்பின்னும் அந்நிறுவனம் வேறு சிற்றூர்களிலும் சிறு அலுவலகங்களைத் திறந்தது. ஊழியர் சென்னைக்குக் குடிபெயர வேண்டுவதில்லை. தனியறையில் முடங்கவும் வேண்டுவதில்லை. இவ்வமைப்பு எல்லா நிறுவனத்துக்கும் பொருந்துமா என்பது வேறு. ஐம்பது பேர் மட்டுமே உள்ள நிறுவனம் ஊர்தோறும் அலுவலகம் திறக்க இயலாது.

பெருந்தொற்றுக்குப் பின் நிறுவனங்கள் பலவாறு முடிவெடுத்தன. 2025ஆம் ஆண்டுக்குள் ஊழியருள் 25 விழுக்காட்டினர் மட்டும் அலுவலகம் வந்தால் போதும் என 2020இல் அறிவித்த டாட்டா கன்சல்டன்சி நிறுவனம், 2023ஆம் ஆண்டு அனைவரையும் வாரத்தில் ஐந்து நாளும் அலுவலகம் வரச்சொன்னது. வேறு சில நிறுவனங்கள் இரண்டு நாள் வீடு, மூன்று நாள் அலுவலகம் எனப் பகுத்துக்கொண்டன.

அப்பகுப்பையும் சோதித்துப் பார்த்தது ஷாங்காய் நிறுவனமே. டிரிப்.காம் எனப் பெயர் மாறிய அந்நிறுவனத்தில் 2021, 2022ஆம் ஆண்டுகளில் பொறியாளர், சந்தைப்படுத்துநர், நிதித்துறையினர் என 1,612 பேர் இச்சோதனையில் பங்கேற்றனர். இம்முறையும் பிறந்த தேதியே பிரித்தது. ஒரு பிரிவினர் புதன், வெள்ளி ஆகிய இரு நாள்கள் வீட்டிலிருந்து பணியாற்றலாம். இதனால் வேலைத்திறன் 2.6 விழுக்காடு குறையும் எனச் சோதனைக்கு முன் மேலாளர்கள் மதிப்பிட்டிருந்தனர். முடிவில் அவர்களே அது 1 விழுக்காடு கூடும் எனத் தம் கருத்தை மாற்றிக்கொண்டனர். வேலைத்திறனிலோ பதவி உயர்விலோ குறைவு காணப்படவில்லை. பணியைவிட்டு விலகுவோர் மூன்றில் ஒரு பங்கு குறைந்தனர்.

நாள்களைத் தேர்ந்த முறையும் இதில் கருதத்தக்கது. விரும்பிய நாளில் விரும்பியவர் வரலாம் என விட்டுவிடாமல், வீட்டுக்குரிய இரு நாள்களும் எல்லார்க்கும் பொதுவாக வரையறுக்கப்பட்டிருந்தன. ஆகவே திங்கள், செவ்வாய், வியாழன் ஆகிய மூன்று நாள்களிலும் நேற்றுச் சேர்ந்தவரும் பத்தாண்டு பணியாற்றியவரும் ஒரே தளத்தில், கூப்பிடு தொலைவில் இருந்தனர்.